ஹைட்ரோஸ் டின் முதல் கண் கழுவும் குழாய் வரை: கல்லூரி லேபில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிராக்டிகல் நடக்கும்போது ஆசிரியர் பக்கத்திலேயே நிற்கிறார். மாணவர் கைக்கு வரும் கரைசல்களும் பெரும்பாலும் நீர்த்தவை. அதற்கு முந்தின நாள் மாலை அடர் அமிலத்தை அளந்து ஊற்றுபவர் லேப் அசிஸ்டென்ட். எல்லாரும் கிளம்பியபின் மிச்சத்தைக் கொட்டிக் குடுவை கழுவுபவர் அட்டெண்டர். இரவில் ஒற்றை ஆளாக ரிஃப்ளக்ஸ் (கரைசலைக் கொதிக்கவைத்து, ஆவியைக் குளிர்வித்துத் திரும்பக் குடுவையிலேயே விழவிடுவது) ஓட்டுபவர் ஆராய்ச்சி மாணவர். அடர்த்தியான, சூடான, லேபிள் இல்லாத பொருள்கள் இந்த மூவர் கையில்தான் அதிகம் புழங்குகின்றன. சுவரில் ஒட்டியிருக்கும் விதிகளோ முதலாண்டு மாணவரை நினைத்து எழுதியவை. கொங்கு நாட்டுக் கல்லூரி லேப்கள் இங்குள்ள தொழில்களை ஒட்டியே வளர்ந்தவை: சாயம், வார்ப்படம், கழிவுநீர், கோழித்தீவனம். அந்தந்த வேலைகளில் எங்கே தவறுகிறோம் என்று பார்ப்போம்.

ஹைட்ரோஸ்

திருப்பூர், ஈரோடு பக்கம் டெக்ஸ்டைல் பிராசஸிங் படிப்பவர்களுக்கு ஹைட்ரோஸ், அதாவது சோடியம் ஹைட்ரோசல்பைட், உப்பைப் போலப் பழகிய பொருள். அந்தப் பழக்கம்தான் ஆபத்து. கொஞ்சம் ஈரம் பட்டால் போதும், தானாகச் சூடேறி, மூக்கை அரிக்கும் சல்பர் டை ஆக்சைடை விட்டு, நெருப்பு வைக்காமலேயே பற்றிக்கொள்ளும். சாயப்பட்டறையிலிருந்து பாலித்தீன் கவரில் கட்டி வாங்கி வருவது, கழுவிய கரண்டியைத் துடைக்காமல் டின்னுக்குள் விடுவது, வாஷ் பேசினுக்கு அடியில் அடுக்கி வைப்பது, மூன்றும் தவறு. 500 கிராம் டின்னாக வாங்கி, உலர்ந்த கரண்டியை டின்னோடு கட்டி வைத்து, எடுத்தவுடன் மூடுங்கள். பெராக்சைடும் பிளீச்சிங் பவுடரும் இருக்கும் அலமாரியில் இதற்கு இடம் கூடாது.

சிந்தியதை ஈரத்துணியால் துடைத்துக் குப்பைத்தொட்டியில் போடுவதுதான் எல்லாவற்றிலும் மோசம். துடைத்தவர் வீட்டுக்குப் போனபின் தொட்டி புகையும். உலர்ந்த பிரஷ்ஷால் முறத்தில் கூட்டி அள்ளி, ஃபியூம் ஹூடுக்குள் (வாயுவை வெளியே இழுத்துவிடும் கண்ணாடிக் கூண்டு) ஒரு வாளி நிறையத் தண்ணீர் வைத்து, அதில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கரையுங்கள். தீப்பிடித்துவிட்டால் மணலோ கார்பன் டை ஆக்சைடு அணைப்பானோ பலிக்காது. எரிவதற்கு இதற்கு வெளிக்காற்று தேவையில்லை. மக்கில் தெளிக்கும் தண்ணீர் தீயைக் கூட்டும். ஹோஸ் வைத்து வெள்ளமாகப் பாய்ச்சினால்தான் அடங்கும். அதற்கு வழியில்லை என்றால் கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே வந்து 101-ஐ அழையுங்கள்.

இதே லேபில் இன்னொன்று: ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட்) வைத்து வெளுத்த பீக்கரை அலசாமல் அதிலேயே அமிலத்தை ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். இடையில் இரண்டு முறை நல்ல தண்ணீரில் அலசுங்கள்.

நைட்டால்

கோவையில் வார்ப்பட மாதிரியை எட்ச் செய்யாத (உள்ளமைப்பு தெரிய அமிலத்தால் மேற்பரப்பை லேசாக அரிக்காத) மெட்டலர்ஜி லேப் இருக்காது. 98 மி.லி. எத்தனாலில் 2 மி.லி. அடர் நைட்ரிக் அமிலம் சேர்த்தால் 2% நைட்டால். ஆல்கஹாலில்தான் அமிலத்தை விட வேண்டும், மெதுவாக. அமிலத்தின் மேல் ஆல்கஹாலை ஊற்றக் கூடாது. எட்ச் சீக்கிரம் விழட்டும் என்று அமிலத்தைக் கூட்டுவது விபரீதம். 10%-ஐத் தாண்டினால் வெடிக்கக்கூடிய கலவை அது. அன்றைக்கு வேண்டிய 50 மி.லி.யை மட்டும் கலந்து, மிச்சத்தை அன்றே நிறையத் தண்ணீரில் நீர்த்துச் சமனாக்கி அப்புறப்படுத்துங்கள்.

விபத்து பெரும்பாலும் வேஸ்ட் பாட்டிலில் வருகிறது. காலியான நைட்ரிக் பாட்டிலில் மாதிரி கழுவிய அசிட்டோனை ஊற்றி மூடியை இறுகத் திருகிவிட்டுப் போகிறோம். முதலில் ஒன்றும் தெரியாது. அடியில் தங்கிய அமிலம் மெல்ல மெல்ல வினைபுரிந்து பழுப்பு வாயுவை உண்டாக்கும். சில மணி நேரம் கழித்து, பக்கத்தில் யார் இருந்தாலும் சரி, பாட்டில் வெடித்துச் சிதறும். நைட்ரிக் கழிவும் கரைப்பான் கழிவும் ஒரே அலமாரியில்கூட இருக்க வேண்டாம்.

சி.ஓ.டி.

நொய்யல் தண்ணீரிலும் சாயக் கழிவிலும் சி.ஓ.டி. (அழுக்கை வேதிமுறையில் ஆக்சிஜனேற்றத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) பார்க்கும் ஓபன் ரிஃப்ளக்ஸ் முறையில் 20 மி.லி. மாதிரிக்கு 0.4 கிராம் மெர்க்குரிக் சல்பேட், 10 மி.லி. டைகுரோமேட், சில்வர் சல்பேட் கலந்த கந்தக அமிலம் 30 மி.லி. சேர்த்து 2 மணி நேரம் ஓட்டுவார்கள். அமிலம் கனமானது, குடுவையின் அடியில் போய்த் தங்கும். சுழற்றிக் கலக்காமல் மேன்டிலைப் (குடுவையைச் சூடேற்றும் மின் அடுப்பு) போட்டால் அடியில் ஒரே இடத்தில் பொங்கி, கண்டென்சர் வழியாக மேலே பீச்சியடிக்கும். நாலைந்து கண்ணாடி மணிகளைப் போட்டு, கண்டென்சரில் தண்ணீர் ஓடுகிறதா என்று பார்த்து, அமிலத்தைச் சிறிது சிறிதாக விட்டு, ஒவ்வொரு முறையும் சுழற்றுங்கள். குடுவை கை பொறுக்காத சூடாகும், குளிர்ந்த தண்ணீரில் பிடித்துக்கொண்டே செய்யுங்கள்.

டைட்ரேஷன் முடிந்ததும் குடுவையில் இருப்பதை வாஷ் பேசினில் கவிழ்ப்பது பல லேப்களில் வழக்கமாகவே இருக்கிறது. 0.4 கிராம் மெர்க்குரிக் சல்பேட்டில் பாதரசம் மட்டும் 0.27 கிராம். பத்துக் குடுவைக்கு 2.7 கிராம். ஆற்றின் மாசை அளக்கும் லேபிலிருந்தே பாதரசமும் குரோமியமும் சாக்கடையில் போவதை எந்த வகையிலும் ஏற்க முடியாது. தனி பிளாஸ்டிக் கேனில் சேர்த்து, உள்ளே இருப்பதையும் தேதியையும் எழுதி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்ற கழிவு நிறுவனத்திடம் கொடுங்கள்.

தீவனத்தில் புரதம் பார்க்கும் கெல்டால் சோதனைக்கும் ஒரு எச்சரிக்கை: செரித்த அமிலக் கரைசல் முழுக்க ஆறி, தண்ணீரில் நீர்த்தபின்தான் 40% காஸ்டிக் சேர வேண்டும்.

கண் கழுவும் குழாய்

அமெரிக்க ஏ.என்.எஸ்.ஐ. தரப்படி கண் கழுவும் குழாயில் நிமிடத்துக்கு 1.5 லிட்டர் வீதம் 15 நிமிடம் தண்ணீர் வர வேண்டும். அதாவது இருபத்திரண்டு லிட்டருக்கு மேல். அரை லிட்டர் பிழிபாட்டிலை மாட்டிவைத்து "வசதி உண்டு" என்று பதிவேட்டில் எழுதுவது தன்னையே ஏமாற்றிக்கொள்வது. நம் பக்கத்து போர்வெல் உப்புத்தண்ணியில் குழாயின் துளைகள் வெள்ளையாகப் படிந்து அடைத்துக்கொள்ளும். வாரம் ஒரு நாள் திறந்துவிட்டு, துரு கலந்த தண்ணீர் போய்த் தெளிந்து வரும்வரை ஓடவிட வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே உயரத்துக்கு எழும்புகிறதா என்றும் பாருங்கள். படிந்திருந்தால் தலைப்பைக் கழற்றி வினிகரில் ஊறவைத்துத் தேய்த்தால் விட்டுவிடும்.

இந்தச் சோதனையைச் சித்திரை, வைகாசியில் மதியம் செய்யுங்கள். அதே தரம் 16 முதல் 38 டிகிரி வெப்பத்துக்குள் தண்ணீர் இருக்கச் சொல்கிறது. மொட்டைமாடித் தொட்டியில் காய்ந்த தண்ணீரில் யாராலும் 15 நிமிடம் கண்ணைத் திறந்து வைக்க முடியாது. தொட்டிக்கு நிழல் போடுங்கள், வெளியே ஓடும் பைப்புக்கு உறை சுற்றுங்கள். குழாய்க்குப் போகும் வழியில் ஸ்டூலும் அட்டைப்பெட்டியும் கிடக்கக் கூடாது. அமிலம் பட்டவர் கண்ணை மூடிக்கொண்டுதான் வருவார்.

உடை

2008 டிசம்பரில் லாஸ் ஏஞ்சல்ஸ் கலிபோர்னியா பல்கலைக்கழக லேபில், காற்றுப் பட்டாலே எரியும் டெர்ட்-பியூட்டைல் லித்தியம் சிந்தித் தீப்பிடித்து, ஆய்வு உதவியாளர் ஒருவர் சில வாரங்களில் இறந்துபோனார். லேப் கோட் இல்லை. போட்டிருந்தது செயற்கை இழை ஸ்வெட்டர். பாலியஸ்டர் உருகித் தோலோடு ஒட்டும் என்பதைப் பனியன் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் மலிவென்று டெரிகாட்டன் கோட் வாங்குகிறோம். முழுப் பருத்தி, முழுக்கை என்று கேட்டு வாங்குங்கள். துப்பட்டாவும் பின்னலும் கோட்டுக்குள் போகட்டும். கழுவும் அட்டெண்டர் அக்காவுக்கு ரப்பர் ஏப்ரன், முழங்கை வரை கையுறை, கண்ணாடி, மூடிய ஷூ, இவற்றைத் துறையே வாங்கித்தர வேண்டும்.

இரவு வேலை

சாக்ஸ்லெட்டில் (கரைப்பானைக் கொதிக்கவைத்துக் கொழுப்பு போன்றவற்றைப் பிரித்தெடுக்கும் கருவி) பெட்ரோலியம் ஈதரைப் போட்டு, கண்டென்சரைக் குழாயில் மாட்டிவிட்டு அறைக்குப் போய்விடுகிறார்கள். தொட்டி வற்றினால் தண்ணீர் நிற்கும், மேன்டில் நிற்காது. ஈதர் ஆவி காற்றைவிடக் கனமானதால் மேசையோடு தவழ்ந்துபோய் எங்கோ ஒரு ஸ்விட்ச் பொறியில் பற்றும். வாளித் தண்ணீரில் சிறு பம்ப் போட்டுச் சுழலவிட்டு, பம்பையும் மேன்டிலையும் ஒரே போர்டில் மாட்டினால் கரண்ட் போனால் இரண்டும் சேர்ந்தே நிற்கும். பம்பே பழுதாவதும் உண்டு. அதனால் ஆள் இல்லாமல் இதை ஓட்டவே வேண்டாம். அமிலமும் ஈதரும் காஸ் சிலிண்டரும் வரும் வேலையில் கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இன்னொருவர் இருக்க வேண்டும். 108 வந்தால் கொடுத்தனுப்ப, பயன்படுத்தும் பொருளின் பாதுகாப்புத் தாளை அச்செடுத்துக் கதவின் உட்புறம் மாட்டிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.