கரை மாறுவதைப் படமெடுப்பது எப்படி? தொடங்குபவர்களுக்கு

தனுஷ்கோடியில் சூரிய உதயம் எடுக்காத ஆள் இல்லை. போன வருடம் கரை எதுவரை இருந்தது என்று காட்டும் படம்தான் லேசில் கிடைக்காது. கீழக்கரைக்கு எதிரே இருந்த பூவரசன்பட்டித் தீவு இன்று தண்ணீருக்கு அடியில். பவளப்பாறையை வெட்டி எடுத்ததும் அதற்கு ஒரு காரணம். இப்படிப்பட்ட மாற்றத்தைப் பதிய செல்போனே போதும்.

1. முதலில் நிற்கும் இடம். ஒதுங்கிக் கிடக்கும் கட்டையை அடையாளமாக வைக்காதீர்கள், அடுத்த காற்றுக்கு இருக்காது. 1964 புயலில் இடிந்த சர்ச் சுவர், கலங்கரை விளக்கம், கோபுரம் மாதிரி அசையாத இரண்டு வேண்டும்: ஒன்று அருகில், ஒன்று தூரத்தில். வலைபோட்ட இடத்தைத் திரும்பக் கண்டுபிடிக்க மீனவர்கள் கோபுரத்தையும் பனையையும் ஒரே கோட்டில் வைத்துப் பார்ப்பார்களே, அதே வித்தைதான். முதல் படத்தை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சுவரின் விளிம்பும் பின்னால் தெரியும் கோபுரமும் அதில் உள்ளபடியே பொருந்தும்வரை அரை அடி இப்படி, அரை அடி அப்படி நகர வேண்டும். பொறுமை போகும். ஆனால் இதில் பிசகினால் கரை நகர்ந்ததா, நீங்கள் நகர்ந்தீர்களா என்று யாருக்கும் தெரியாது.

2. போனை நெஞ்சு உயரத்தில் பிடியுங்கள். ஜூம் வேண்டாம், ஃபில்டர் வேண்டவே வேண்டாம்.

3. அப்புறம் நாள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்ற இறக்கம் அதிகம். அதனால் ஒவ்வொரு முறையும் அதே பிறையில், கடல் வற்றும் நேரத்தில் போங்கள். கச்சான் எனும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் ‘ஆண் கடல்’ எனும் மன்னார் வளைகுடா கொந்தளிக்கும், ‘பெண் கடல்’ பாக் நீரிணைப் பக்கம் அடங்கியிருக்கும். வடகிழக்குப் பருவத்தில் இது தலைகீழ். இரண்டு பருவத்திலும் எடுத்தால்தான் மணல் போவதும் வருவதும் புரியும்.

4. அன்றே குறிப்பு எழுதுங்கள்: “காரங்காடு படகுத்துறை, காலை 7.10, பௌர்ணமிக்கு மறுநாள், கடல் வற்றியிருந்தது, வாடைக்காற்று.” படங்களைப் பள்ளியில் காட்டினால், பிள்ளைகளுக்குப் புரியவைப்பது இந்த வரிதான்.

5. லென்ஸில் படிந்த மணலை முதலில் ஊதித் தள்ளிவிட்டுத் துடையுங்கள். இல்லையென்றால் கீறல் விழும்.

6. மன்னார் வளைகுடாத் தீவுகளுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும். பூநாரை நின்றால் தூரத்திலேயே நில்லுங்கள். ஆமை முட்டையிட்ட இடத்தைப் படமெடுத்தால், லொகேஷனை நீக்கிவிட்டுப் பகிருங்கள்.