கோன் பில்டர் போட்ட பைக்கில் காபரேட்டர் செட் பண்ணுவது

பில்டரை உள்ளே வைத்து மூடியிருக்கும் எயார் பொக்ஸைக் கழற்றிவிட்டுத் திறந்த கோன் பில்டர் மாட்டினால் இஞ்சினுக்குள் காத்து லேசாகப் போகும். ஆனால் அதற்கேற்ற பெற்றோல் தானாக வராது. சைலன்சரில் படபடவென்று வெடிப்பது, எக்சிலேட்டரை விட்டபிறகும் ரேஸ் இறங்க நேரம் எடுப்பது, முறுக்கும்போது ஒரு கணம் அடைத்துப் பிறகு இழுப்பது, வழக்கத்தைவிடச் சூடாவது எல்லாம் பெற்றோல் குறைவின் அடையாளம். இப்படியே மாதக்கணக்கில் ஓடினால் வால்வும் பிஸ்டனும் பழுதாகும்.

காத்தோடு பெற்றோலைக் கலந்து இஞ்சினுக்கு அனுப்புவது காபரேட்டர். முதலில் உங்களுடையது எந்த வகை என்று பாருங்கள். எக்சிலேட்டர் கேபிள் மேல்மூடியால் நேரே உள்ளே இறங்கினால் ஸ்லைட் வகை. ஸ்லைட் என்பது காத்து வழியைத் திறந்து மூடும் துண்டு. பக்கத்தில் ஒரு சின்னச் சில்லைச் சுற்றி வந்தால் வக்கூம் வகை. அதில் மெல்லிய றப்பர் டயபிரம்தான் ஸ்லைட்டைத் தூக்குகிறது. ஸ்லைட் வகை கோன் பில்டருக்கு இணங்கிப் போகும். வக்கூம் வகைக்குக் காத்து அமைதியாக வரவேண்டும். பக்கக்காத்து அடித்தால் ஸ்லைட் நடுங்கும். எந்த ஜெட் (பெற்றோலை அளந்து விடும் துளையுள்ள பித்தளைத் திருகு) போட்டாலும் நடுவில் ஒரு தடுமாற்றம் மிஞ்சலாம். அந்த வகைக்குப் பொக்ஸை அப்படியே விட்டு, உள்ளே வைக்கும் நல்ல பில்டரே மேல். அதற்குப் பெரும்பாலும் ஜெட் மாற்றவே தேவையில்லை.

மாட்டும்போது மூன்று இடங்களைக் கவனியுங்கள். காபரேட்டர் வாயின் விளிம்பில் குண்டூசித் தலையளவில் இரண்டு மூன்று காத்துத் துளைகள் இருக்கும். பில்டரின் றப்பர் உதடு அவற்றை மூடிக்கொண்டால் ஜெட் மாற்றி மாற்றி நாள்தான் போகும், பைக் சரிவராது. டோர்ச் அடித்துப் பாருங்கள். இஞ்சினிலிருந்து பொக்ஸுக்குப் போன, இஞ்சின் உள்ளழுத்தத்தை வெளியே விடும் பிரீதர் குழாயை அடைக்கவே கூடாது. அடைத்தால் உள்ளழுத்தம் ஓயில் சீலைத் தள்ளிவிடும், அதன் நுனிக்குச் சின்ன பில்டர் ஒன்று போடுங்கள். கடைசியாக, ஐட்லில் ஓடவிட்டு, காபரேட்டருக்கும் இஞ்சினுக்கும் நடுவிலுள்ள றப்பரைச் சுற்றிச் சவர்க்காரத் தண்ணி தெளியுங்கள். ரேஸ் மாறினால் றப்பர் வெடித்திருக்கிறது. அதை மாற்றாமல் மேற்கொண்டு எதையும் தொட வேண்டாம்.

இனிக் கைபிடியில் மாஸ்கிங் டேப் ஒட்டி மூடிய நிலை, கால், அரை, முக்கால், முழுது என்று பேனையால் கோடு போடுங்கள். கால் வரைக்கும் பெற்றோலைத் தீர்மானிப்பது சின்ன ஜெட்டான பைலட் ஜெட், அதற்குமேல் முக்கால் வரை ஸ்லைட்டில் தொங்கும் ஊசியான நீடில், அதற்கும் மேல் பெரிய ஜெட்டான மெயின் ஜெட். எந்தக் கோட்டில் பைக் தடுமாறுகிறதோ அந்தப் பாகத்தில்தான் கை வைக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும்.

மெயின் ஜெட்டில் தொடங்குங்கள். பெற்றோல் டெப்பை மூடி, காபரேட்டரின் அடிக்கிண்ணமான பவுலிலுள்ள பெற்றோலை ஒரு போத்தலில் வடித்துவிட்டுத் திறந்தால் நடுத்தண்டின் அடியில் பித்தளை ஜெட் தெரியும். தலையில் இலக்கம் பொறித்திருக்கும். 100 என்றால் 110 போட்டுப் பார்த்து 108, 105 என்று இறங்கி வாருங்கள். பெற்றோல் கூடினால் பிளக்தான் கறுக்கும், குறைந்தால் இஞ்சினுக்கே ஆபத்து. அதனால்தான் மேலிருந்து கீழே வரச் சொல்கிறோம். கெய்ஹின் கம்பனி ஜெட்டில் இலக்கம் துளையின் விட்டம், 100 என்றால் 1.00 மில்லிமீட்டர். மிக்குனி கம்பனியின் பல ஜெட்களில் அது பெற்றோல் பாயும் அளவு. ஆகவே ஒன்றின் 110 மற்றதன் 110 அல்ல. கம்பியால் குத்தித் துளையைப் பெருப்பிக்கும் வேலை வேண்டவே வேண்டாம். வட்டம் கெட்ட துளையை யாராலும் செட் பண்ண முடியாது.

சோதிக்கப் புதுப் பிளக் போட்டு இஞ்சினை நன்றாகச் சூடாக்குங்கள். ஆளில்லாத நேரான ரோட்டில் மூன்றாம் கியரில் முழுதாகத் திறந்து சில விநாடி ஓடி, கிளச்சைப் பிடித்தபடி இஞ்சினை நிறுத்துங்கள். சாவியால் நிறுத்துவதானால் ஹேண்டில் லொக் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிளக்கைக் கழற்றினால் அதன் வெள்ளைப் பீங்கான் அடியில், உள்ளே ஆழத்தில் ஒரு வளையம் தெரியும். சுண்ணாம்பு வெள்ளை என்றால் பெற்றோல் குறைவு. சட்டிக்கரி என்றால் பெற்றோல் கூடுதல். பால் தேத்தண்ணிக் கலர் சரி. முழுதிலிருந்து எக்சிலேட்டரைக் கொஞ்சம் விடும்போது பைக் ஒரு தள்ளு தள்ளினால் மெயின் ஜெட் இன்னும் சின்னதாகவே இருக்கிறது, பெரியது போட வேண்டும்.

நீடில் சுலபம். ஊசியின் மேல்பக்கத்து வெட்டில் மாட்டியிருக்கும் கிளிப்பை ஒரு வெட்டுக் கீழே இறக்கினால் ஊசி மேலே ஏறும், பெற்றோல் கூடும். வெட்டே இல்லாத ஊசி என்றால் அதன் தலைக்கு அடியில் அரை மில்லிமீட்டர் வாஷர் ஒன்று.

ஐட்ல் கலவையைத் திருத்தும் பைலட் ஸ்குறூவில்தான் பலருக்குக் குழப்பம். அது இஞ்சின் பக்கம் இருந்தால் வெளியே திருப்பப் பெற்றோல் கூடும். பில்டர் பக்கம் இருந்தால் உள்ளே திருப்பக் கூடும். இப்போதிருக்கும் இடத்திலிருந்து மெதுவாக உள்ளே முட்டும்வரை திருப்பி, எத்தனை சுற்று என்று எண்ணி எழுதி வையுங்கள். இறுக்கினால் நுனி நசியும். பிறகு ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து, சூடான இஞ்சினில் ரேஸ் ஆகக்கூடுதலாக ஏறும் இடத்தைக் கால் சுற்றுக் கால் சுற்றாகத் தேடுங்கள். அந்த இடம், ஸ்குறூ இஞ்சின் பக்கம் உள்ளதில் மூன்று சுற்றுக்கு மேல் போனால் பைலட் ஜெட்டை ஒரு அளவு பெருப்பியுங்கள். பில்டர் பக்கம் உள்ளதில் ஒரு சுற்றுக்குள் அடங்கினாலும் அதே வைத்தியம்தான்.

மட்டக்களப்புப் படுவான்கரைக் கிறவல் ரோட்டிலும் அம்பாறை வயல் வழியிலும் தினமும் ஓடுபவர்களுக்குத் திறந்த கோன் பில்டர் நாங்கள் சொல்வதில்லை. கச்சான் காத்து எழும்பும் மாதங்களிலும் சூடடிக்கும் காலத்திலும் தூசி உள்ளே போய்ப் பிஸ்டன் ரிங்கைத் தின்னும். மாரியில் ரோட்டில் நிற்கும் தண்ணியை பில்டர் உறிஞ்சும். போட்டே ஆகவேண்டுமென்றால் வெளியுறை ஒன்று மாட்டி, கிழமைக்கு ஒருமுறை கழுவி, காயவிட்டு, பில்டர் ஓயிலை மெல்லிசாகப் பூசுங்கள். தூசி அடைத்த பில்டரோடு செட் பண்ணினால் கழுவிய மறுநாள் எல்லாம் மாறிவிடும்.

வருடாந்தப் புகைப் பரிசோதனையில் பெற்றோல் கூடின பைக் தேறாது. பழைய ஜெட், கிளிப் இருந்த வெட்டு, பைலட் சுற்று எண்ணிக்கை மூன்றையும் ஒரு துண்டில் எழுதி, ஜெட்டோடு பொலித்தீன் பையில் சுற்றி சீட்டுக்கு அடியில் வையுங்கள். எயார் பொக்ஸைப் பழைய இரும்புக்குப் போடாதீர்கள்.