அரை நாளில் டோங் ஹோ: கையால் ஒரு படம் அச்சிட்டு, புத் தாப் விகாரையும் பார்த்துத் திரும்புவது எப்படி?

"ஹா லாங் விரிகுடாவுக்கு ஒரு நாள், நிஞ் பின்னுக்கு ஒரு நாள் போட்டாச்சு. கடைசி நாள் ராத்திரிதான் ஃப்ளைட். காலையில சும்மா இருக்கேன், என்ன பண்ணலாம்?" ஹனோய்க்குப் போகும் நண்பர்கள் இப்படிக் கேட்கும்போதெல்லாம் டோங் ஹோவுக்குப் போகச் சொல்லிவிடுவேன்.

ஹனோயிலிருந்து கிழக்கே முப்பது முப்பத்தைந்து கிலோமீட்டரில், பாக் நிஞ் மாகாணத்தில், துவோங் ஆற்றங்கரையில் இருக்கும் கிராமம் இது. மரக்கட்டையில் செதுக்கிய அச்சை வைத்துப் புத்தாண்டுப் படங்கள் போடுவது ஊரின் பழைய தொழில். அங்கிருந்து சில கிலோமீட்டரில் புத் தாப் விகாரை. இரண்டையும் பார்த்துவிட்டு மதியம் ஒரு மணிக்கெல்லாம் ஹனோய் திரும்பிவிடலாம். முதல் முறை போகிறவர்களுக்காகப் படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: வண்டிக்கு ஏற்பாடு

முதல் தடவை என்றால் அரை நாளுக்குக் கார் பேசிக்கொள்வதுதான் நல்லது. கிராப் செயலியில் காரை அழைத்து ஒரு வழி மட்டும் போனால், திரும்பி வரும்போது கிராமத்தில் வண்டி சீக்கிரம் கிடைக்காது. முந்தின நாளே தங்கும் விடுதியில் சொல்லி, காத்திருந்து கூட்டிவரும் வண்டியாகப் பேசிவிடுங்கள். இரண்டு இடம், நடுவில் காத்திருப்பு எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று ஒரே தொகையாகக் கேளுங்கள்.

ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்கலாமே என்று தோன்றும். நம் ஊரில் கொடுக்கும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி 1949 சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையின்படி கொடுப்பது. வியட்நாம் ஏற்பது 1968 உடன்படிக்கையின்படி கொடுப்பதை. விபத்து என்று வந்தால் காப்பீடும் கைவிரித்துவிடும். வேண்டாம்.

ஊர்ப் பெயர்களை வியட்நாமிய எழுத்திலேயே கைபேசியில் சேமித்து ஓட்டுநரிடம் காட்டுங்கள். வாயால் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். அவர்கள் எழுத்தில் 'டி'க்குக் (D) குறுக்கே கோடு இருந்தால் 'ட' ஒலி, கோடு இல்லாவிட்டால் வடக்கே 'ஸ' ஒலி. டோங் ஹோவில் கோடு உண்டு. பக்கத்திலுள்ள ஸாவ் விகாரையின் பெயரில் கோடு கிடையாது. நான் அதை "டாவ், டாவ்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன், ஓட்டுநர் பாவம் சிரித்துக்கொண்டே இருந்தார்.

படி 2: ஏழரைக்குப் புறப்படுங்கள்

எட்டரைக்கு டோங் ஹோ, பத்தரைக்கு புத் தாப் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த வரிசையை மாற்ற வேண்டாம். வியட்நாமில் மதியச் சாப்பாடும் அதற்குப் பிறகு ஒரு குட்டித் தூக்கமும் கிட்டத்தட்ட சட்டம் மாதிரி. பதினொன்றரைக்கு மேல் விகாரையின் உள்மண்டபம் பூட்டியிருக்கலாம், பட்டறையிலும் கடையைச் சாத்திவிட்டுப் படுத்துவிடுவார்கள்.

வரிசையை மாற்றக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அது அப்புறம்.

படி 3: ஊருக்குள் நுழைந்ததும் ஏமாறாதீர்கள்

படங்கள் தொங்கும் தெருவை எதிர்பார்த்துப் போவீர்கள். கண்ணில் படுவது காகிதக் குதிரை, காகித வீடு, காகிதத் தொப்பி. பித்ருக்களுக்கு எரித்து அனுப்புவதற்கான காகிதச் சாமான்கள் இவை. ஊரில் பெரும்பாலோர் இப்போது இந்தத் தொழிலுக்கு மாறிவிட்டார்கள். ஒரு வீட்டு வாசலில் ஆளுயரக் காகிதக் குதிரைகள் வரிசையாக நின்றன, கடைசிக் குதிரைக்கு ஓர் அம்மா ஊதாக் காகிதத்தில் சேணம் ஒட்டிக்கொண்டிருந்தார். ஐந்து நிமிடம் நின்று பார்க்கலாம். ஆனால் தேடி வந்தது இதை அல்ல.

படத்தொழிலை விடாமல் வைத்திருப்பவை சில குடும்பங்கள்தான். நுயென் டாங், நுயென் ஹு என்ற இரு குடும்பங்களின் பட்டறைகள் பெயர்பெற்றவை. "டோங் ஹோ படம்" என்று வியட்நாமிய எழுத்தில் காட்டினால் யாரும் வழி சொல்வார்கள்.

உள்ளே போனதும் பெரியவர்களைப் பார்த்து "சின் சாவ் பாக்" என்று சொல்லுங்கள். 'சின் சாவ்' என்றால் வணக்கம், 'பாக்' என்றால் பெரியப்பா, பெரியம்மா. முன்பின் தெரியாதவரையும் உறவு சொல்லிக் கூப்பிடும் பழக்கம் அங்கும் உண்டு, அண்ணே அக்கா என்று வளர்ந்த நமக்கு அதில் கூச்சமே இருக்காது.

படி 4: அச்சிடுவதற்கு முன் தாளைத் தொட்டுப் பாருங்கள்

தாளை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். மெல்லிய மினுமினுப்பும் நீளவாக்கில் நுண்ணிய கீற்றுகளும் தெரியும். 'ஸோ' என்ற மரத்தின் பட்டையைக் கூழாக்கிச் செய்த தாள் அது. அதன்மேல் 'டியெப்' என்னும் கடல் சிப்பியை இடித்துப் பொடியாக்கி, கஞ்சிப் பசையில் கலந்து பூசுகிறார்கள். பூசுவது பைன் ஊசியிலைகளைக் கட்டிச் செய்த அகலத் தூரிகையால். மினுமினுப்பு சிப்பியிலிருந்து வருகிறது, கீற்று தூரிகையிலிருந்து.

நிறங்களும் கடையில் வாங்கியவை அல்ல. கறுப்புக்கு மூங்கில் இலையை எரித்த கரி, அதை நீண்ட நாள் நீரில் ஊறவிடுகிறார்கள். சிவப்புக்கு மலையில் எடுத்த செந்நிறச் சரளைக்கல், மஞ்சளுக்கு 'ஹோவே' மரத்தின் பூ, நீலத்துக்கு அவுரி மாதிரியான சாயச்செடியின் இலை, பச்சைக்குச் செம்புக் களிம்பு, வெள்ளைக்கு அதே சிப்பி. எல்லாவற்றையும் பசையரிசிக் கஞ்சியில் குழைத்துத்தான் பயன்படுத்துகிறார்கள்.

படி 5: நீங்களே ஒரு படம் போடுங்கள்

இதற்காகத்தான் இவ்வளவு தூரம். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தனிக் கட்டை, கடைசியில் கறுப்புக் கோடுகளுக்கு ஒரு கட்டை. கறுப்பையும் சேர்த்து நான்கு நிறப் படம் என்றால் அதே தாள் நான்கு முறை அச்சுக்குப் போகும், ஒவ்வொரு நிறமும் காய்ந்த பிறகே அடுத்தது. பார்வையாளர்களுக்குப் பெரும்பாலும் சின்னப் படமாகக் கொடுப்பார்கள். வெறும் கறுப்புக் கட்டை மட்டும் கொடுத்தால், "இன்னொரு நிறமும் போட்டுப் பார்க்கலாமா?" என்று கேட்டுப் பாருங்கள்.

முதலில் கட்டையைப் பின்பக்கம் பிடித்து, நிறம் பூசிய பலகைமேல் இரண்டு மூன்று முறை ஒற்றியெடுங்கள். அழுத்த வேண்டாம், இட்லித் தட்டில் எண்ணெய் தடவுகிற அளவு போதும். நிறம் அதிகமானால் கோடுகளுக்கு நடுவே இறங்கி, எனக்குக் கொடுத்தது போலப் பன்றிப் படம் என்றால் பன்றியின் கண் அப்பிப்போய்விடும்.

அடுத்து, அடுக்கி வைத்திருக்கும் தாள்களின்மேல் கட்டையைக் கவிழ்த்து வையுங்கள். ஓரம் ஓரத்தோடு பொருந்த வேண்டும், இதில்தான் எல்லோரும் சறுக்குவோம். கண்ணால் மட்டும் பார்த்து வைப்பதால் முதல் நிறத்தில் தவறு தெரியாது, இரண்டாவது நிறம் வரும்போது தெரியும்.

நன்றாக அழுத்திவிட்டுக் கட்டையைத் தூக்குங்கள். மேல்தாள் கட்டையோடு ஒட்டிக்கொண்டு வரும். அப்படியே மல்லாக்கத் திருப்பி, தாளின் முதுகில் தேய்க்க வேண்டும். எதை வைத்துத் தெரியுமா? முற்றிக் காய்ந்த பீர்க்கங்காய் நார். நாம் குளிக்கும்போது முதுகு தேய்ப்போமே, அதேதான். எனக்குக் கொடுத்தபோது பாட்டி வீட்டுக் கிணற்றடி ஞாபகம் வந்துவிட்டது. வட்டமாகத் தேய்க்காமல், நடுவிலிருந்து ஓரம் நோக்கி, தாள் நகராமல் தேயுங்கள். கோடுகள் தாளின் பின்பக்கம் லேசாக நிழலாடும்போது நிறுத்திவிடலாம்.

கடைசியாக ஒரு மூலையைப் பிடித்து நிதானமாக உரியுங்கள். இந்த மூன்று நொடிதான் மொத்தப் பயணத்திலும் எனக்குப் பிடித்தது.

என் பன்றியின் விலாவில் சுழி இருந்தது. டோங் ஹோ பன்றிகளின் உடம்பில் யின் யாங் சுழி போடுவது வழக்கம், வீட்டில் செழிப்பு பெருகும் என்பதற்காக. எனக்குச் சிவப்பு ஒரு நூல் இடப்பக்கம் விலகி, பன்றிக்கு வெளியே ஒரு பன்றி நிழல் நின்றது. பட்டறைப் பெரியவர் அதைத் தூக்கிப் பார்த்து, தலையாட்டி, அடுத்த தாளைக் காட்டினார். அந்தச் சைகைக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

படி 6: படம் வாங்கும்போது

எல்லாரும் முதலில் எடுப்பது 'எலிக் கல்யாணம்'. மாப்பிள்ளை எலி குதிரைமேல், மணமகள் பல்லக்கில், பின்னால் ஊர்வலம். படத்தின் மேல் பாதியைப் பாருங்கள்: ஒரு பூனை உட்கார்ந்திருக்கிறது, எலிகள் அதற்குப் பறவையும் மீனும் கொண்டுபோய் நீட்டுகின்றன. கல்யாணம் நடக்க வேண்டுமென்றால் மேலே உள்ளவருக்குக் கப்பம் கட்டியாக வேண்டும். இதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

'தேங்காய் பிடித்தல்' படத்தில் ஒருவன் மரத்திலிருந்து தேங்காய் போட, கீழே ஒருத்தி பாவாடையை விரித்துப் பிடிக்கிறாள். 'பொறாமை' படத்தில் மூத்தாள் கையில் கத்தரிக்கோல், இளையாள் கணவனின் பின்னால். புத்தாண்டுக்குச் சுவரில் ஒட்டும் படங்களில் இவ்வளவு குறும்பு இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

ஓர் எச்சரிக்கை: ஹனோய் பழைய நகரக் கடைகளில் இயந்திர அச்சுப் பிரதிகளும் கிடைக்கும். சாய்த்துப் பார்த்தால் சிப்பி மினுங்க வேண்டும், பின்பக்கம் கோடுகளின் நிழல் தெரிய வேண்டும்.

சந்திர நாள்காட்டியின் கடைசி மாதத்தில் போனால் பட்டறைகளில் வேலை மும்முரமாக இருக்கும். அந்தக் காலத்தில் அந்த மாதம் 6, 11, 16, 21, 26 தேதிகளில் படச்சந்தையே கூடுமாம். புத்தாண்டு முடிந்து பிப்ரவரி, மார்ச்சில் வடக்கே விடாத தூறல், தாள் காய்வது பெரும்பாடு.

படி 7: புத் தாப் விகாரை

ஆற்றுக் கரைச் சாலையிலேயே வண்டி போகும். வியட்நாமியில் விகாரைக்கு 'சுவா'. தோள், முழங்கால் மூடிய உடை வேண்டும். மண்டப வாசலில் செருப்புகள் கிடந்தால் நீங்களும் கழற்றிவிடுங்கள். வாசற்படியை மிதிக்காமல் தாண்டிப் போங்கள், அது நம் வீட்டு வழக்கமும்தான். படம் எடுக்குமுன் சைகையால் ஒரு தரம் கேட்டுவிடுங்கள்.

இன்று காணும் விகாரை பெரும்பாலும் 17-ஆம் நூற்றாண்டுக் கட்டுமானம். சீனத் துறவி ஒருவர் பொறுப்பேற்றிருக்க, லே வம்ச அரசி சிஞ் தி நொக் சுக் பொருள் கொடுத்துப் புதுப்பித்தார். அந்தத் துறவிக்காக 1647-ல் எழுப்பியதுதான் எண்கோணக் கல் கோபுரம், 13 மீட்டர் உயரம். 1876-ல் இந்த வழியே வந்த து டுக் மன்னருக்கு அது எழுதுகோல்போலத் தெரிந்ததால் 'புத் தாப்', அதாவது எழுதுகோல் கோபுரம் என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள்.

கோபுரத்தை வேகமாகப் பார்த்துவிட்டு நேரத்தை மேல்மண்டபத்துக்கு மிச்சம் பிடியுங்கள். அங்கே கருணையின் போதிசத்துவரான ஆயிரம் கை அவலோகிதர், மரச்சிலை. 1656-ல் செதுக்கியது, பீடத்தோடு 3.7 மீட்டர். பதினொரு தலை, 42 பெரிய கைகள், முதுகுக்குப் பின்னால் ஒளிவட்டம்போல் விரியும் நூற்றுக்கணக்கான சின்னக் கைகள். ஒவ்வொரு உள்ளங்கையிலும் ஒரு கண். அலைகளிலிருந்து எழும் டிராகன் ஒன்று தாமரையைத் தலையில் தாங்குகிறது. செதுக்கியவர் 'சுவோங்' என்ற குடும்பப் பெயரை மட்டும் விட்டுச் சென்றிருக்கிறார்.

டோங் ஹோவுக்கு முதலில் போகச் சொன்ன இன்னொரு காரணம் இங்கேதான் புரியும். காலையில் ஒரு மணி நேரம் கட்டையின் கோட்டைத் தடவி, உளி எங்கே நுழைந்தது, எங்கே நின்றது என்று பார்த்த கண்ணோடு இதன்முன் நிற்கும்போது, "அப்பா, எவ்வளவு கை!" என்று கடந்துபோக முடியாது. ஒரே ஒரு சின்னக் கையைத் தேர்ந்தெடுத்து அதன் விரல்களைப் பாருங்கள். முன்பு ஒரு தடவை விகாரைக்கு முதலில் போனபோது ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன்.

பின்வாசல் வழியாக வளைந்த சின்னக் கல்பாலம் ஒன்று அடுத்த மண்டபத்துக்குப் போகும். அதன் கைப்பிடிச் சுவரிலும் மண்டபத்தைச் சுற்றியும் விலங்கு, பறவை, பூ என்று 50-க்கு மேற்பட்ட கற்புடைப்புகள். பாலம் தாண்டினால் ஒன்பது அடுக்குத் தாமரைக் கோபுரம், மரத்தால் ஆனது, அச்சில் சுழலும்படி செய்தது. நீங்களாகத் தள்ளிப் பார்க்காதீர்கள்.

உண்டியலில் காசு போடும்போது ஜாக்கிரதை. 20,000 டோங் நோட்டும் 5,00,000 டோங் நோட்டும் இரண்டுமே நீலம். மங்கலான மண்டபத்தில் நான் போட்டது எது என்பது வண்டியில் ஏறிய பிறகுதான் தெரிந்தது. புண்ணியம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

நேரம் மிஞ்சினால்

பக்கத்திலேயே ஸாவ் விகாரை. வியட்நாமின் மிகப் பழைய பௌத்தத் தலமாகக் கருதப்படுவது, மேகம், மழை, இடி, மின்னல் என்ற நான்கு தெய்வங்களின் கதையோடு சேர்ந்தது. 6-ஆம் நூற்றாண்டில் இங்கே தங்கிய வினீதருசி என்ற துறவி தென்னிந்தியாவிலிருந்து வந்தவர் என்று அவர்களின் பழைய நூல்கள் சொல்கின்றன. ஆனால் பதினொன்றரை தாண்டிவிட்டால் விட்டுவிடுங்கள். மூன்றையும் ஓட்டமாகப் பார்ப்பதைவிட இரண்டோடு நிற்பதே மேல்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் மனப்பாடம் செய்ய ஒரு சொல்: 'சாய்'. 'தோய் ஆன் சாய்' என்றால் நான் சைவம். வழியில் கடை தேடாமல் ஹனோய் திரும்பிச் சாப்பிடுங்கள்.

படத்தை ஊருக்குக் கொண்டுவர

மடிக்காதீர்கள். பட்டறையிலேயே அட்டைக் குழாய் கேட்டு, படம் உள்பக்கமாக இருக்கும்படி சுருட்டி வாங்குங்கள். ஊருக்கு வந்ததும் கண்ணாடிச் சட்டம் போடுங்கள், லேமினேஷன் கூடாது, சூட்டில் சிப்பியின் மினுமினுப்பு போய்விடும். நான் என் பன்றியைச் செய்தித்தாளில் சுற்றிப் பெட்டியில் துணிகளுக்கு நடுவே வைத்திருந்தேன். சென்னையில் பெட்டியைத் திறந்தபோது கறுப்புச் சட்டையின் முதுகெல்லாம் வெள்ளி தூவியதுபோல் மினுங்கியது.