சாமை விதையை ஊருக்குள் மாற்றிக்கொள்வது எப்படி

சேர்வராயன் மலைக்கு வருகிறவர்கள் கண்ணில் படுவது காபியும் மிளகும்தான். என் பாட்டி காலத்தில் நாகலூர்ப் பக்கம் எங்கள் காடு முழுக்கச் சாமை, கேழ்வரகு, தினை; ஊடே அவரை, துவரை. ரேஷன் அரிசி வந்தது, உரலில் சாமை குத்துகிற பாடு விட்டது, கூடவே விதையும் போனது. இப்போது நாங்கள் இந்த மலையின் மலையாளிப் பழங்குடி வீடுகள் சில சேர்ந்து, இருக்கிற விதையை வருஷா வருஷம் மாற்றிக்கொள்கிறோம். உங்கள் ஊரிலும் செய்யலாம்.

வேலை அறுப்புக்கு முன்பே தொடங்குகிறது. களத்தில் கொட்டிய குவியலிலிருந்து விதைக்கு அள்ளாதீர்கள். காட்டின் ஓரத்தை விட்டு, நடுவில் சாயாமல் நிற்கிற, கதிர் சீராக முற்றிய பயிரில் சிவப்பு நூல் கட்டி வையுங்கள். அதை மட்டும் தனியாக அறுத்துத் தனியாகத் தட்டுங்கள். முன்பு தட்டிய வேறு ரகம் களத்தில் ஒட்டியிருந்தால் கலந்துவிடும், நன்றாகக் கூட்டிவிட்டுத் தட்டுங்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு வருஷம் குறுகிய நாள் சாமையும் நீண்ட நாள் சாமையும் கலந்த விதையை வாங்கி விதைத்துவிட்டேன். பாதி முற்றிச் சாய்ந்தபோது மீதி பச்சையாக நின்றது. எதை அறுப்பது?

சாமை, தினை, கேழ்வரகு எல்லாம் பெரும்பாலும் தன் பூவிலேயே மணி பிடிப்பவை, பக்கத்துக் காட்டைப் பற்றி அதிகம் கவலை வேண்டாம். பூசணி, சுரை, மக்காச்சோளம் அப்படியில்லை. வண்டும் காற்றும் கலந்துவிடும். பூசணியில், மறுநாள் மலரப்போகிற பெண் மொட்டையும் ஆண் மொட்டையும் சாயங்காலமே நூலால் கட்டிவிட்டு, காலையில் நம் கையாலேயே மகரந்தம் தொட்டு வைத்து, பெண் பூவைத் திரும்பக் கட்டிவிட வேண்டும். அந்தக் காயைத்தான் விதைக்கு விட வேண்டும்.

எங்கள் மலையில் மூட்டம் அதிகம், அதனால் காய வைப்பதில் அவசரம் கூடாது. இளம் வெயிலில் பாயில் பரப்பி, மூன்று நான்கு நாள் காயவிடுங்கள். உச்சி வெயிலில் சிமெண்ட் தரையில் போட்டால் முளை செத்துவிடும். பல்லில் கடித்தால் டக்கென்று உடைய வேண்டும். சூடு ஆறிய பிறகே பானையில் போடுங்கள். அவரை, துவரைக்குச் செம்மண்ணைக் குழைத்துப் பூசிக் காயவைத்தால் வண்டு அண்டாது. சாமைக்கு வேப்பிலையும் நொச்சியிலையும் போதும். சரியாகக் காயாததை பிளாஸ்டிக் பையில் கட்டாதீர்கள், வேர்த்துப் பூஞ்சை பிடித்துவிடும்.

கொடுப்பதற்கு முன் நூறு விதையை ஈரத்துணியில் சுருட்டி வையுங்கள். ஒரு வாரத்தில் எழுபத்தைந்துக்குக் குறைவாக முளைத்தால் கொடுக்க வேண்டாம்.

கார்த்திகையிலிருந்து தை வரை சனம் காபி பறிக்கப் போய்விடும். அதனால் மாசிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் திண்ணையில் கூடுகிறோம். ஒவ்வொரு பையிலும் ஒரு சீட்டு: யார் காட்டு விதை, எந்த மாதம் விதைத்தது, எத்தனை நாளில் அறுத்தது. அப்புறம் அதன் குறை. இதை மட்டும் விடாதீர்கள். 'பெரியம்மா, இது காற்றுக்குச் சாயுமா?' என்று வாங்குகிறவர் கேட்கட்டும், கொடுக்கிறவர் மறைக்காமல் சொல்லட்டும். விதையோடு இந்தப் பேச்சும் கைமாறாவிட்டால், கிடைத்தது வெறும் தானியம்தான்.

கணக்கு எளிது: ஒரு படி வாங்கினால் அடுத்த வருஷம் இரண்டு படி திருப்பித் தர வேண்டும். திருத்துறைப்பூண்டி ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவிலும் 2 கிலோ கொடுத்து 4 கிலோ வாங்கும் வழக்கம்தான். வீசி விதைத்தால் ஒரு ஏக்கருக்கு 5 கிலோ சாமை ஆகும். முதல் தடவை அவ்வளவு கேட்காதீர்கள், கால் ஏக்கரில் போட்டுப் பாருங்கள். கொடுக்கிறவரும் இருப்பு முழுவதையும் கொடுத்துவிடக் கூடாது, பாதி வீட்டில் இருக்க வேண்டும்.

இதற்குச் சட்டம் தடை போடுமோ என்று சிலர் பயப்படுகிறார்கள். 2001ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டப்படி, நாம் விளைவித்த விதையைச் சேமிக்க, மாற்ற, விற்க நமக்கு உரிமை உண்டு. இந்தச் சட்டத்தில் பதிவாகிப் பாதுகாக்கப்பட்ட ரகத்தை பிராண்ட் பெயர் போட்டு விற்கத்தான் கூடாது.

காட்டுப்பன்றி அழித்துத் திருப்பித் தர முடியாதவர்களும் வருவார்கள். அவர்களுக்கு நாங்கள் அந்த வருஷமும் ஒரு படி அளக்கிறோம்.