ஃப்ரீலான்ஸ் தளத்தில் முதல் வேலை: பேங்க் அக்கவுண்டில் இருந்து ஆரம்பியுங்கள்

அப்வொர்க், ஃபைவர் மாதிரி தளங்களில் வேலை பிடிப்பது எப்படி என்று யூடியூபில் எந்த வீடியோவைப் போட்டாலும் முதலில் புரொஃபைல் போட்டோவைப் பற்றித்தான் பேசுகிறார்கள். சிரித்த முகம், வெள்ளைச் சுவர், காலர் வைத்த சட்டை. போட்டோவை நாளைக்குக்கூட மாற்றிக்கொள்ளலாம். பெயர் அப்படியில்லை, ஐடி சரிபார்த்த பிறகு அதைத் தொட்டால் பெரிய பாடு. அதனால் இந்தப் பதிவு தலைகீழாகப் போகும்: பணம் நம் அக்கவுண்டுக்கு வந்து சேருகிற வழியை முதலில் சரிசெய்துவிட்டு, அப்புறம் வேலை தேடுவோம்.

நான் சிவகாசியில் பேக்கேஜிங் டிசைன் செய்கிறவன். சோப்பு டப்பா, மசாலா பாக்கெட், பாட்டில் லேபிள். வெளிநாட்டு வேலை பெரும்பாலும் அப்வொர்க் வழியாக வருகிறது என்பதால் உதாரணங்களும் அங்கிருந்தே வரும். ஃபைவர் எனக்குப் பிடிக்காது, வாங்குகிற ஒவ்வொரு நூறு டாலரிலும் இருபதை எடுத்துக்கொள்கிறார்கள். அப்வொர்க்கில் 2023 முதல் நேர் 10 சதவீதமாக இருந்தது, 2025 மே முதல் வரும் புது ஒப்பந்தங்களுக்கு 0 முதல் 15 சதவீதம் வரை வேலைக்கு வேலை மாறுகிறது. எவ்வளவு என்று விண்ணப்பிக்கும் பக்கத்திலேயே காட்டுவார்கள், அதைப் பார்த்துவிட்டு விலை சொல்லுங்கள்.

படி 1: பெயர்

இந்தப் பதிவில் பாதி இதுதான், ஏனென்றால் என்னை இழுத்தடித்தது இந்தப் படிதான். நம் ஊர்க்காரர்களுக்கென்றே அமைந்த தலைவலி. நமக்கு இருப்பது ஒரு பெயர், ஒரு இனிஷியல். ஃபாரத்தில் இருப்பதோ ஃபர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம் என்று இரண்டு கட்டம், இரண்டையும் நிரப்பியே ஆக வேண்டும்.

சண்முகவேல் மகன் முத்துக்குமார் என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். ஆதாரில் "முத்துக்குமார் எஸ்". மார்க் ஷீட்டில் "எஸ். முத்துக்குமார்". பான் விண்ணப்பத்தில் இனிஷியல் செல்லாது, விரித்து எழுத வேண்டும், லாஸ்ட் நேமைக் காலியாக விடவும் முடியாது. விண்ணப்பம் போட்டுக் கொடுத்த கடைக்காரர் எந்தக் கட்டத்தில் எதை அடித்தாரோ அதைப் பொறுத்து கார்டில் "முத்துக்குமார் சண்முகவேல்" என்றோ "சண்முகவேல் முத்துக்குமார்" என்றோ வந்திருக்கும். பேங்க் பாஸ்புக்கில் மறுபடியும் "முத்துக்குமார் எஸ்". எல்லாம் ஒரே ஆள்தான் என்று தெருவில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும், சாஃப்ட்வேருக்குத் தெரியாது.

எனக்கு நடந்ததும் இதே கதைதான். ஐடி சரிபார்ப்பு ஒரு பெயரில் தேறிவிட்டது, வேலையும் கிடைத்துவிட்டது, பணத்தை எடுக்கப் போனால் பேங்கில் பெயர் ஒத்துப்போகவில்லை என்று திரும்பிப் போய்விட்டது. பேங்க் கவுண்டரில் கேட்டால் "இனிஷியல்தானே சார், அதெல்லாம் ஒன்றும் பண்ணாது, அவங்களையே கேளுங்க" என்றார்கள். தளத்துக்காரர்களைக் கேட்டால் "உங்கள் வங்கியைத் தொடர்புகொள்ளவும்". இரண்டு பக்கமும் மரியாதையாகத்தான் பேசினார்கள், பணம்தான் வரவில்லை.

கடைசியில் சரியான வரிசை இதுதான்:

முதலில் பான் கார்டைக் கையில் எடுங்கள். அதை அடிப்படையாக வைக்கச் சொல்வதற்குக் காரணம் வரி, பேங்க், அமெரிக்க ஃபாரம் எல்லாமே அதில்தான் வந்து முடிகின்றன. அப்பா பெயர் முன்னால் வந்திருந்தால் இப்போதே ஆன்லைனில் திருத்த விண்ணப்பம் போட்டுவிடுங்கள். "அப்படியே இருக்கட்டும்" என்று விட்டால் கிளையண்ட் காலம் முழுக்க "ஹாய் சண்முகவேல்" என்றுதான் எழுதுவார், வீட்டில் அப்பாவுக்குப் பெருமையாக இருக்கலாம், நமக்கு இருக்காது.

இரண்டாவது ஆதார். பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம் என்பதால் அவசரப்பட்டுப் போகாதீர்கள். பானில் உள்ள எழுத்துக்களை அப்படியே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய், ஆபரேட்டர் அடித்ததை ஸ்கிரீனில் ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு ஓகே சொல்லுங்கள். மூன்றாவது பேங்க். பான் நகல், ஆதார் நகல், ஒரு கடிதம். "இனிஷியலை விரிக்க வேண்டும்" என்று கேட்டால் புரியாத முகம் காட்டுவார்கள், "கேஒய்சியில் பெயர் மாற்றம்" என்று கேளுங்கள், உடனே ஃபாரம் வரும். மாற்றியாகிவிட்டது என்று வாயால் சொன்னதை நம்பாமல் நெட் பேங்கிங்கில் புது ஸ்டேட்மெண்ட் இறக்கி, அதன் மேலே என்ன பெயர் அச்சாகியிருக்கிறது என்று பாருங்கள். பாஸ்புக் அட்டையில் பழைய பெயரே இருக்கும், அது பரவாயில்லை.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் தளத்தில் கணக்கு. அங்கேயும் பானைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து. இதில் வேடிக்கை என்னவென்றால், அப்வொர்க்கில் மற்றவர்களுக்குக் காட்டுவது ஃபர்ஸ்ட் நேமும் லாஸ்ட் நேமின் முதல் எழுத்தும்தான். இத்தனை ஆபீஸ் ஏறி இறங்கிய பிறகு புரொஃபைலில் நிற்பது "முத்துக்குமார் எஸ்."

(பிற்சேர்க்கை: கமெண்டில் ஒரு சகோதரி கேட்டிருந்தார், கல்யாணத்துக்கு முன்பு அப்பா இனிஷியல், இப்போது கணவர் இனிஷியல், எதைப் போடுவது என்று. பானில் என்ன இருக்கிறதோ அது. பானில் அப்பா பெயர் இருந்தால் எல்லாவற்றையும் அதற்கே கொண்டுவருவதுதான் செலவு குறைவு. இன்னொருவருக்கு "முத்து", "குமார்" என்று நடுவில் ஒரு இடைவெளி விழுந்ததே பிரச்சினை. ஆமாம், அதுவும் பிரச்சினைதான்.)

படி 2: பணம் வரும் வழி

பணத்தை எடுக்க மூன்று வழி: நேரடியாக உள்ளூர் பேங்குக்கு, அல்லது பேயோனியர், பேபால் என்கிற பணம் அனுப்பும் சேவைகள். நான் முதலாவதைத்தான் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் கட்டணம் உண்டு என்பதால் பத்து டாலர் இருபது டாலராக எடுக்காமல் சேர்த்து எடுங்கள். பேபாலில் இந்தியக் கணக்குக்கு வரும் பணம் தானாகவே பேங்குக்குப் போய்விடும், அங்கேயே சேர்த்து வைக்க முடியாது. டாலரை ரூபாயாக்கும்போது அவர்கள் தருகிற ரேட்டையும் கூகுளில் தெரிகிற ரேட்டையும் ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள், உண்மையான கட்டணம் எங்கே இருக்கிறது என்று தெரியும். இதற்கென்று தனியாக ஒரு சேவிங்ஸ் அக்கவுண்ட் வைத்துக்கொண்டால் வருஷக் கடைசியில் நிம்மதி. எந்த வழி என்றாலும் வெளிநாட்டுப் பணம் வந்ததற்கான அத்தாட்சி, அதாவது ஃபைரா, கிடைக்குமா என்று முதலிலேயே கேட்டு வையுங்கள்.

டபிள்யூ-8பென் என்று ஒரு அமெரிக்க வரி ஃபாரம் வரும். பயப்பட வேண்டாம். "நான் அமெரிக்கன் இல்லை" என்று சொல்கிற காகிதம், அவ்வளவுதான். வரி எண் கேட்கிற இடத்தில் பான், கையெழுத்து இடத்தில் அதே விரித்த பெயர். தேதியில் மாதம் முன்னால் வரும்.

படி 3: புரொஃபைல்

சுருக்கமாக: "கிராஃபிக் டிசைனர்" என்று போட்டால் உலகமே போட்டிக்கு வரும். "சோப்பு, காஸ்மெட்டிக் டப்பா டிசைன், பிரிண்டுக்குத் தயாரான ஃபைல்" என்று போட்டால் கூட்டம் பாதிக்கு மேல் குறையும். மூன்று நல்ல சாம்பிள் போதும். வாடிக்கையாளர் இல்லையென்றால் நீங்களே ஒரு கடலை மிட்டாய் பாக்கெட் டிசைன் செய்து போடுங்கள், கோவில்பட்டி பக்கத்தில்தானே இருக்கிறது. ஆனால் அது மாதிரிக்குச் செய்தது என்று கீழே எழுதிவிடுங்கள்.

படி 4: விண்ணப்பம்

அப்வொர்க்கில் விண்ணப்பிக்க கனெக்ட் என்கிற டோக்கன் வேண்டும், ஒன்று 0.15 டாலர். 16 கனெக்ட் கேட்கிற வேலைக்கு 2.40 டாலர் போகிறது, கிடைத்தாலும் போகும் கிடைக்காவிட்டாலும் போகும். அதனால் கண்டதற்கெல்லாம் போடாதீர்கள். பேமெண்ட் வெரிஃபைட் (பணம் கட்டும் வழியைத் தளம் சரிபார்த்துவிட்டது) என்று இருக்கிறதா, இதற்கு முன் யாரையாவது எடுத்திருக்கிறாரா, எடுத்தவர்களுக்கு எவ்வளவு கொடுத்திருக்கிறார் என்று பக்கத்துப் பட்டையில் பாருங்கள். "பட்ஜெட் 5 டாலர், நீண்டகால வேலை" என்பவர் நீண்டகாலமும் 5 டாலர்தான் தருவார்.

வேலை கொடுப்பவர் கண்ணில் முதலில் படுவது நீங்கள் எழுதியதில் முதல் இரண்டு வரிகள் மட்டும், மீதி திறந்தால்தான் தெரியும். அந்த இரண்டு வரியை "டியர் சார், ஐ ஹேவ் கேர்ஃபுல்லி ரெட் யுவர் ரிக்வயர்மெண்ட்" என்பதில் வீணடிப்பவர்கள்தான் அதிகம். கையால் செய்த சோப்புக்கு டப்பா வேண்டும், 100 கிராம், மூன்று வாசனை என்று ஒருவர் போட்டிருந்தால் நான் எழுதுவது கிட்டத்தட்ட இப்படி (ஆங்கிலத்தில்தான்):

"எடை போட்டிருக்கிறீர்கள், சோப்பின் நீளம் அகலம் உயரம் போடவில்லை. மில்லிமீட்டரில் சொன்னால் டை லைனில் (டப்பாவை வெட்டி மடிக்கும் கோட்டுப் படம்) இருந்து ஆரம்பிக்கிறேன், உங்கள் பிரிண்டர் ஏற்கெனவே டை லைன் கொடுத்திருந்தால் அதை அனுப்புங்கள், அந்த வேலைக்குப் பணம் வேண்டாம்."

இதைப் படிக்கிறவருக்கு இந்த ஆள் டப்பா மடித்தவன் என்று தெரிந்துவிடும். உங்கள் தொழில் வேறாக இருக்கலாம், ஆனால் தொழில் தெரிந்தவர் மட்டும் கேட்கக்கூடிய ஒரு கேள்வி அதிலும் இருக்கும், அதை முதல் வரியில் வையுங்கள். சாட்ஜிபிடி எழுதிக் கொடுக்கட்டும் என்று நினைப்பவர்களுக்கு: சீசனில் வேலை நிரம்பி வழியும்போது நானும் இதே தளத்தில் ஆள் எடுக்கிறேன். வருகிற விண்ணப்பங்களில் வரிசையாகப் பத்து ஒரே மாதிரி உற்சாகத்தோடு ஆரம்பித்தால் பதினொன்றாவதை யாரும் முழுதாகப் படிப்பதில்லை. முழுதாகப் படித்தாரா என்று பார்க்க, சிலர் வேலை விளம்பரத்தின் நடுவில் "பதிலின் முதல் சொல்லாக நீலம் என்று எழுதவும்" என்று ஒளித்து வைப்பார்கள். நானும் வைக்கிறேன்.

படி 5: ஒப்பந்தம் வந்த பிறகு

ஃபிக்ஸ்ட் பிரைஸ் வேலையில் ஆஃபர் வந்த சந்தோஷத்தில் ஆரம்பித்துவிடாதீர்கள். மைல்ஸ்டோனுக்கு, அதாவது வேலையின் அந்தப் பகுதிக்கு, பணம் எஸ்க்ரோவில் (தளத்தின் பொறுப்பில்) போட்டாகிவிட்டதா என்று பாருங்கள், பேமெண்ட் வெரிஃபைட் என்பது வேறு, எஸ்க்ரோ வேறு. மூன்று மைல்ஸ்டோன் இருந்தால் முதலாவதற்கு மட்டும் பணம் போட்டிருப்பார்கள், அடுத்ததற்குப் போட்ட பிறகு அடுத்த வேலை.

முடித்த ஃபைலை சாட்டில் அனுப்பினால் போதாது, சப்மிட் வொர்க் பட்டனை அழுத்தித்தான் கொடுக்க வேண்டும். அப்போதுதான் 14 நாள் கணக்கு ஓடத் தொடங்கும், அதற்குள் கிளையண்ட் எதுவும் சொல்லாவிட்டால் பணம் தானாக விடுவிக்கப்படும், அப்புறம் ஐந்து நாள் பாதுகாப்புக் காலம், அதன் பிறகு கைக்கு. (பிற்சேர்க்கை: இந்த வரியைச் சேர்த்ததே ஒரு வாசகர் எழுதியதால்தான். சாட்டில் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு, கிளையண்ட் காணாமல் போய், பணம் எஸ்க்ரோவிலேயே கிடக்கிறதே என்று கேட்டிருந்தார். பட்டனை அழுத்தச் சொன்னேன். வந்துவிட்டது.)

மணிக்கணக்கு வேலை என்றால் டைம் டிராக்கர் போட்டுத்தான் செய்யுங்கள். பத்து நிமிஷத்துக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுக்கும், எப்போது என்று சொல்லாது, அதனால் வாட்ஸ்அப் வெப்பை மூடி வையுங்கள். கையால் எழுதிச் சேர்க்கிற நேரத்துக்குத் தளத்தின் பணப் பாதுகாப்பு கிடையாது. திங்கள் முதல் ஞாயிறு வரை ஒரு வாரம், அது முடிந்து பத்து நாள் கழித்துத்தான் பணம் எடுக்க வரும். வாடகைத் தேதியை இதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

ஏமாற்று வேலைகள்

"பிடிஎஃப்பைப் பார்த்து வேர்டில் டைப் செய்ய 800 டாலர், டெலிகிராமில் வாருங்கள்" என்பது ஏமாற்று. பதிவுக் கட்டணம், டெபாசிட், டிரெயினிங் ஃபீஸ் எல்லாம் ஏமாற்று, வேலை கொடுப்பவர் நம்மிடம் பணம் கேட்க ஒரு காரணமும் இல்லை. "உங்கள் அக்கவுண்டை வாடகைக்குக் கொடுங்கள், மாதம் இவ்வளவு" என்று வருகிற மெசேஜுக்குப் பதிலே சொல்லாதீர்கள், கணக்கு முடங்கினால் முடங்குவது உங்கள் பெயர். நல்ல கிளையண்ட்டே "ஃபீஸ் மிச்சம், வெளியே நேராக அனுப்புகிறேன்" என்று கேட்பார், அப்வொர்க்கில் சந்தித்த தேதியில் இருந்து 24 மாதம் அதற்குத் தடை இருக்கிறது, மீறினால் கணக்கு போகும்.

வரி

டாலரில் வந்தாலும் இந்திய வருமானம்தான், ரிட்டர்ன் போட வேண்டும். இ-காமர்ஸ் தளங்கள் பணம் தரும்போதே பிடிக்கிற வரி, அதாவது டிடிஎஸ், 1 சதவீதமாக இருந்து 2024 அக்டோபர் முதல் 0.1 ஆகிவிட்டது, பான் கொடுக்காவிட்டால் 5 சதவீதம். உங்கள் பணத்தில் டிடிஎஸ் பிடித்திருந்தால் வருமான வரித் தளத்தில் தெரியும். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சம் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு, அந்தக் கட்டம் வரும்போது ஆடிட்டரிடம் போங்கள். அதுவரை ஒரு கூகுள் ஷீட் போதும்: தேதி, கிளையண்ட், டாலர், தளத்தின் கட்டணம், கைக்கு வந்த ரூபாய்.

(இன்னொரு பிற்சேர்க்கை: காலேஜ் முதல் வருஷம், இன்னும் 18 ஆகவில்லை, அண்ணன் பெயரில் திறக்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். அப்வொர்க்கில் 18 ஆகியிருக்க வேண்டும். அண்ணன் பெயரில் திறந்தால், ஐடி சரிபார்க்க முகத்தைக் காட்டச் சொல்லும்போது கேமரா முன்னால் அண்ணன்தான் உட்கார வேண்டும், பணமும் அண்ணன் அக்கவுண்டுக்குத்தான் போகும். திரும்ப வாங்குவது உங்கள் பாடு.)