மெலோட்ராமா கதைக்கு, ஹிஸ்ட்ரியானிக் ஆளுக்கு

இலங்கை மலையகத்து ஹட்டனில் உயர்தர மாணவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு நாள் ஒரு பிள்ளை கடிதம் ஒன்றைத் திருத்தித் தரும்படி கொண்டுவந்தாள். பறித்த தேயிலைக் கொழுந்து குறைந்ததென்று அவளுடைய அம்மாவுக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போட்டுவிட்டார்கள். நிறுக்கிற இடத்திலேயே அம்மா கதறி அழுதிருக்கிறார். நிர்வாகத்துக்கு ஒரு முறைப்பாடு. நல்ல கடிதம்தான், ஒரு சொல்லைத் தவிர. அம்மா கதறியதைச் சொல்ல 'ஹிஸ்ட்ரியானிக்' என்று போட்டிருந்தாள்.

"டிக்‌ஷனரில மிகையான உணர்ச்சின்னுதான் சேர் இருந்துச்சு" என்றாள். இருந்திருக்கும். ஆனால் கடிதத்தை வாசிக்கும் தோட்டத்துத் தொரைக்கு (நிர்வாகிக்கு) அது சொல்லும் செய்தி வேறு: உங்கள் அம்மா அழவில்லை, அழுவதுபோல் நடித்தார். அதை மகளே கையெழுத்துப் போட்டு எழுதிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். வெட்டிவிட்டு 'அழுதார்' என்று மட்டும் எழுதச் சொன்னேன். அன்றைக்கு எத்தனை கிலோ, என்ன திகதி என்பதையும் சேர்க்கச் சொன்னேன்.

மெலோட்ரமாட்டிக், ஹிஸ்ட்ரியானிக் இரண்டுக்கும் நம் அகராதிகள் ஏறக்குறைய ஒரே பொருளைத்தான் தருகின்றன. வினை அங்கேதான் தொடங்குகிறது. மெலோட்ரமாட்டிக் என்றால் விஷயம் அளவுக்கு மீறி ஊதப்பட்டிருக்கிறது. போனில் சார்ஜ் தீர்ந்ததற்கு "என் வாழ்க்கையே முடிஞ்சிருச்சு" என்கிறவன் மெலோட்ரமாட்டிக். அவன் பொய் சொல்கிறான் என்பதில்லை, அந்த நேரத்தில் உண்மையாகவே அப்படி நினைத்திருக்கலாம். ஹிஸ்ட்ரியானிக் என்பது ஆளையே குற்றம் சாட்டுகிற சொல். பார்க்க ஆட்கள் இருப்பதால்தான் இவன் இப்படிச் செய்கிறான் என்ற சந்தேகம் அதற்குள் இருக்கிறது. சுற்றி நிற்பவர்கள் கலைந்துபோனால் இந்த அழுகை நின்றுவிடுமா? நின்றுவிடும் என்று தோன்றினால் ஹிஸ்ட்ரியானிக் என்று எழுதுங்கள். தெரியாவிட்டால் எழுதாதீர்கள். செத்த வீட்டு ஒப்பாரிக்கு இந்தச் சொல்லைப் போடவே போடாதீர்கள்.

வேர்களைப் பார்த்தால் இது இன்னும் தெளியும். லத்தீனில் 'ஹிஸ்ட்ரியோ' என்றால் நடிகன். ஆக, ஹிஸ்ட்ரியானிக் என்ற சொல்லிலேயே வேடம் கட்டிய ஆள் நிற்கிறான். 'மெலோஸ்' கிரேக்கச் சொல், பாட்டு என்று பொருள். அதனோடு நாடகம் என்ற பிரெஞ்சுச் சொல் சேர்ந்து மெலோட்ராமா வந்தது. 18ஆம் நூற்றாண்டுப் பிரான்சில் அது வசவு இல்லை, இசை சேர்த்து நடத்திய ஒரு நாடக வகை. 1802இல் லண்டன் கொவென்ட் கார்டனில் தாமஸ் ஹோல்க்ரொஃப்ட் ஒரு நாடகத்தை அந்த வகை நாடகம் என்று சொல்லியே மேடையேற்றினார். கெட்டவன் வரும்போது ஓர் இசை, அபலை அழும்போது ஓர் இசை. பிற்காலத்தில்தான் மிகைக்கு மறுபெயர் ஆனது.

மலையகத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்குவது எனக்குச் சுலபம். மாசி மாதத்துக் காமன் கூத்தை நினைத்துக்கொள்ளுங்கள் என்பேன். சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்து மன்மதனை எரிக்கும்போது தப்பு மேளம் எப்படி ஏறுகிறது! ரதி புலம்பும்போது பார்க்கிறவர்களுக்கும் கண் கலங்குகிறது. அந்தப் பழைய அர்த்தத்தில் அது மெலோட்ராமாதான், அப்படிச் சொல்வதில் குறைவும் இல்லை. அதே ரதியின் புலம்பலை ஒருவன் லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) வாசலில், கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்டு வந்தவருக்கு முன்னால் அவிழ்த்துவிட்டால்தான் ஹிஸ்ட்ரியானிக். (எங்கள் பக்கத்து லயத்தில் ஒருவர் இதில் கைதேர்ந்தவர். கடன்காரரே தேத்தண்ணி குடித்துவிட்டு ஆறுதல் சொல்லிப் போவார்.)

இலக்கணத்திலும் ஒரு சறுக்கல் உண்டு. "அவன் ஒரு டிராமா" என்று தமிழில் பேசுகிறோம். அதை அப்படியே ஆங்கிலத்தில் வைத்தால் அந்த மனிதன் ஒரு நாடகம் என்றாகிவிடும். ஆளைச் சொல்ல மெலோட்ரமாட்டிக் என்ற பெயரடைதான் சரி. அந்த ஆள் செய்த ஆர்ப்பாட்டத்தைப் பெயர்ச்சொல்லாக்க 'ஹிஸ்ட்ரியானிக்ஸ்' என்று கடைசியில் ஸ் சேர்த்துப் பன்மையாக எழுத வேண்டும்.

இதைவிட அடிக்கடி நடப்பது 'சீன்' தவறு. நாம் சீன் போடுகிறான் என்றால் பகட்டுக் காட்டுகிறான் என்று அர்த்தம். ஆங்கிலத்தில் ஒருவர் 'சீன்' உண்டாக்கினார் என்றால் நாலு பேர் முன்னால் சத்தம் போட்டு அசிங்கப்படுத்தினார் என்று அர்த்தம். புதுச் சப்பாத்து போட்டு வந்த நண்பனை அப்படி எழுதினால் பாவம், அவன் சண்டைக்காரனாகிவிடுவான்.

'ட்ரமாட்டிக்' தனியாக வரும்போது பெரும்பாலும் திட்டு இல்லை. விலை ட்ரமாட்டிக்காக ஏறியது என்றால் சட்டென்று, பெரிதாக ஏறியது, அவ்வளவுதான்.

'ஹிஸ்டீரிக்கல்' வேறு குடும்பம். கருப்பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது, பெண்களைத் தாழ்த்தவே நெடுங்காலம் பயன்பட்டது. 1980இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் தன் கையேட்டின் மூன்றாம் பதிப்பில் அதைக் கைவிட்டு 'ஹிஸ்ட்ரியானிக் ஆளுமைக் கோளாறு' என்று பெயர் வைத்தது. அதனால் இந்தச் சொல்லுக்கு மருத்துவ வாடையும் ஒட்டிக்கொண்டது. மாமியார் அழுவதைப் பார்த்து மருமகள் தீர்மானிக்கிற காரியம் இல்லை அது.

கடைசியாக, 'ஹிஸ்டோரிக்'. வரலாற்றுச் சிறப்புடைய என்று பொருள். ஒரு பரிசளிப்பு விழாவில் வரவேற்புரை சொன்ன மாணவன், பிரதம அதிதியின் ஹிஸ்டோரிக் வருகைக்கு நன்றி என்பதற்குப் பதிலாக ஹிஸ்ட்ரியானிக் வருகைக்கு நன்றி என்றான். ஆங்கில ஆசிரியர்கள் நாங்கள் மூன்று பேர் தலையைக் குனிந்துகொண்டோம். பிரதம அதிதி எழுந்து நின்று கும்பிட்டார்.