நில்ஸின் கதையைக் குழந்தைக்குச் சொல்வது எப்படி? முதல்முறை சொல்பவர்களுக்கு

வீட்டை விட்டுப் போகும் பிள்ளைகளைப் பற்றிய கதைகளில் எனக்கு மிகவும் பிடித்தது, ஸ்வீடன் எழுத்தாளர் செல்மா லாகர்லோவ் எழுதிய நில்ஸ் ஹோல்கெர்சன் நாவல். 1906லும் 1907லும் இரண்டு பாகங்களாக வந்தது. 14 வயதுப் பையன் ஒருவன் கட்டைவிரல் அளவுக்குச் சுருங்கி, வாத்தின் முதுகில் ஏறி நாட்டையே சுற்றி வருகிறான். வீட்டில் ஏழெட்டு வயதுக் குழந்தை இருந்தால், இரவுக் கதையாகச் சொல்ல இதைவிட நல்லது கிடைப்பது கஷ்டம். நீண்ட கதை சொல்லிப் பழக்கம் இல்லையே என்று தயங்க வேண்டாம். என் மகளுக்கு நான் சொன்ன முறையை அப்படியே எழுதுகிறேன்.

படி 1: புத்தகமும் வரைபடமும்

வெல்மா ஸ்வான்ஸ்டன் ஹவர்டின் பழைய ஆங்கில மொழிபெயர்ப்பு, காப்புரிமை முடிந்து இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இரண்டு பாகங்களையும் இறக்கிக்கொள்ளுங்கள். கதையின் முடிவு இரண்டாவதில்தான் இருக்கிறது. கூடவே ஸ்வீடன் வரைபடம் ஒன்று, கொஞ்சம் நூல், குண்டூசிகள். வரைபடம் அலங்காரத்துக்கு இல்லை. பள்ளிப் பிள்ளைகள் தங்கள் நாட்டைத் தெரிந்துகொள்ள ஒரு புத்தகம் வேண்டும் என்று ஆசிரியர் சங்கம் கேட்டதால்தான் லாகர்லோவ் இதை எழுதினார். அவரும் முன்பு பள்ளி ஆசிரியையாக இருந்தவர். 1909இல் இலக்கிய நோபல் பரிசு வாங்கிய முதல் பெண்ணும் அவரே.

முதல் குண்டூசியை நாட்டின் தென்கோடியில், ஸ்கோனே என்ற இடத்தில் குத்துங்கள். நில்ஸின் வீடு அங்கேதான். கதையில் அவன் போகும் இடங்களில் ஒவ்வொரு குண்டூசியாகக் குத்தி, நூலை இழுத்துக்கொண்டே போங்கள்.

படி 2: முதல் நாள் ராத்திரியே படித்துவிடுங்கள்

நாளைக்குச் சொல்லப்போகும் பகுதியை இன்றைக்கே படித்துவிட்டு, மறுநாள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள். வரிக்கு வரி தமிழாக்கிக்கொண்டே போனால் குழந்தை தூங்கிவிடும்.

சில சொற்களை முன்னாலேயே முடிவு செய்துகொள்வது நல்லது. நில்ஸைச் சுருக்கிவிடும் 'தொம்தே'யைக் குட்டிச்சாத்தான் என்று சொன்னால் குழந்தை பயந்துவிடும். நான் 'வீட்டைக் காக்கும் குள்ளன்' என்றேன். வாத்து என்றதும் குளத்தில் நீந்தும் சின்ன வாத்து மனதில் வரும். இது கழுத்து நீண்ட பெரிய இனம் என்று ஒரு படத்தைக் காட்டிவிடுங்கள். காட்டு வாத்துக் கூட்டத்தின் தலைவி பெயர் அக்கா. ஆமாம், அக்காவேதான்! நாட்டின் வடகோடியான லாப்லாந்தில் அந்தப் பெயரில் ஒரு மலை இருக்கிறது. அங்குள்ள சாமி மக்களின் மொழியில் அதற்குக் கிழவி என்று பொருள். என் மகள் இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றிலிருந்து அந்தப் பறவை எங்கள் வீட்டு ஆள் ஆகிவிட்டது.

படி 3: புறப்பாட்டை அவசரப்படுத்தாதீர்கள்

மார்ச் 20, ஞாயிற்றுக்கிழமை. அப்பாவும் அம்மாவும் தேவாலயத்துக்குப் போயிருக்கிறார்கள். நில்ஸ் குள்ளனை வலையில் பிடிக்கிறான். ஒப்புக்கொண்டபடி அவனை விடாமல், இன்னும் வேண்டும் என்று பேராசைப்பட்டு வலையை உலுக்க, பளார் என்று ஒரு அறை. கண்ணாடியில் பார்த்தால், அதே உடுப்பில் ஒரு பொடியன் நிற்கிறான். முதல் நாள் இங்கே நிறுத்துங்கள்.

மறுநாள் கதையைத் தொடரும்போது, அவன் முற்றத்துக்கு வருகிறான். இத்தனை நாளும் அவனிடம் அடிபட்ட பூனையும் மாடுகளும் பேசுவது இப்போது அவனுக்குப் புரிகிறது. ஒரு பசு, காதில் குளவியை விட்டதை ஞாபகப்படுத்துகிறது. அப்போது வானத்தில் காட்டு வாத்துகள் கூப்பிட்டுக்கொண்டே போக, வீட்டு வெள்ளை வாத்தான மோர்டனுக்கும் பறக்க ஆசை வந்துவிடுகிறது. அது போய்விட்டால் அம்மா அப்பா வருத்தப்படுவார்களே என்று நில்ஸ் ஓடிப்போய் அதன் கழுத்தைக் கட்டிப் பிடிக்கிறான். வாத்து எழும்பிவிடுகிறது, அவனையும் தூக்கிக்கொண்டு.

இந்த இடத்தை நிதானமாகச் சொல்லுங்கள். வீட்டின் மேல் கோபித்துக்கொண்டு அவன் ஓடவில்லை. வீட்டுப் பொருள் ஒன்று போகக் கூடாது என்று பிடித்ததால்தான் போகிறான். கீழே பார்த்தால் பெரிய கட்டம் போட்ட துணி விரித்தது மாதிரி தெரிகிறது. எல்லாம் வயலும் புல்வெளியும். வீட்டில் கட்டம் போட்ட லுங்கியோ போர்வையோ இருந்தால் தரையில் விரித்து, குழந்தையைக் கட்டில் மேல் நிற்கவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

படி 4: நடுவில் தாராளமாகத் தாண்டலாம்

பாடநூலாக எழுதியதால் ஊர்ப் பெருமை சொல்லும் அத்தியாயங்கள் நிறைய. அவற்றைத் தயங்காமல் விட்டுவிடலாம். கார்ல்ஸ்க்ரோனா என்ற ஊரில் உயிர்பெற்ற வெண்கல ராஜா சிலை துரத்த, ரோசன்பூம் என்ற மரச்சிலை நில்ஸைத் தொப்பிக்குள் ஒளித்துவைப்பதை மட்டும் விட வேண்டாம்.

வினேட்டா நகரையும் விடக் கூடாது. கடலில் மூழ்கிய அந்த நகரம் நூறு வருடத்துக்கு ஒருமுறை, ஒரே ஒரு இரவு மேலே வரும். யாராவது ஒரு சின்னக் காசு கொடுத்து அங்கே எதையாவது வாங்கினால் போதும், நகரம் பிழைத்துவிடும். வியாபாரிகள் பட்டும் நகையும் விரித்துக் கெஞ்சுகிறார்கள். நில்ஸிடம் காசு இல்லை. சற்று முன்புதான் கரையில் கிடந்த பாசி பிடித்த செப்புக் காசு ஒன்றைக் காலால் தள்ளிவிட்டு வந்தான். எடுக்க ஓடுகிறான். திரும்பிப் பார்த்தால் வெறும் கடல்.

அன்று கதை முடிந்ததும் எதுவும் கேட்காதீர்கள். என் மகள் எழுந்து போய் உண்டியலிலிருந்து ஒரு ரூபாயை எடுத்து வந்து தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

படி 5: முடிவை ஒரே மூச்சில்

நவம்பரில் வீட்டுக்குத் திரும்பியும் நில்ஸ் உள்ளே போகவில்லை. இந்தச் சின்ன உருவத்தை அம்மா பார்த்துவிடக் கூடாதே என்று ஒளிந்து நிற்கிறான். மோர்டன் அகப்பட்டுக்கொள்கிறது, அதை வெட்டப்போகிறார்கள். இந்தக் கட்டத்தில் கதையை நாளைக்குத் தள்ளிப்போடாதீர்கள், குழந்தை தூங்காது. நில்ஸ் கூச்சத்தை விட்டுக் கதவைத் தட்டுகிறான், அந்தக் கணமே பழைய உயரம் திரும்பிவிடுகிறது.

அப்புறம் கடற்கரை. அக்காவின் கூட்டம் பேசுவது அவனுக்கு இப்போது புரியவில்லை. இதை மெதுவாகச் சொல்லிவிட்டு, நூலின் நுனியைக் குழந்தையிடம் கொடுங்கள். லாப்லாந்து வரை போய் வந்த நூலை ஸ்கோனேயில், அதே முதல் குண்டூசியில் அதுவே கட்டட்டும்.